பதினோரு தடவை செத்த மீன்

"பதினோரு பொணம்," என்றான் சோடா. "காலங்காத்தால. அதுவும் கலர்ல."

மேஜை மேல் கிடந்தவை செத்த மீன்களை மேலிருந்து எடுத்த படங்கள். நீல மீன், சிவப்பு மீன், ஆரஞ்சு மீன் என்று ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் தொட்டியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. வக்கீலம்மா அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சினார். கோர்ட்டில் இருபது வருஷம் பொய் கேட்டுச் சலித்துப்போனவர், இப்போது பொய்யைத் தேடிப் போய்க் கேட்பதற்கென்றே தனியாக ஓர் ஆபீஸ் வைத்திருந்தார். சோடா அவருடைய உதவியாளன். மூக்குக் கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர் அது. கண்தான் மங்கலே தவிர, வாய் நல்ல தெளிவு.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மீன்தொட்டி செய்யறவருங்க. கண்ணாடி அறுத்து, பசை வச்சு ஒட்டி, எல்லாம் கை வேலை. மீன் வளர்க்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்கு. ஆயிரக்கணக்குல ஆளுங்க. அதுல இவருதான் ராஜா. யார் வீட்டு மீனுக்கு என்ன ஆனாலும் இவரைத்தான் கேப்பாங்க. போன வாரம் திடீர்னு இந்தப் பதினோரு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா படம் போட்டாங்க. இவர் செஞ்ச தொட்டியிலதான் மீன் செத்துச்சாம். பசையில விஷமாம்."

"இருக்கா?"

"அதே பசையில ஒட்டின தொட்டி எங்க வீட்டுக் கூடத்துல இருக்குங்க. அதுல மீனெல்லாம் குட்டி போட்டுக்கிட்டு இருக்கு."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவருதான் நம்பிட்டாரே!" அவள் வாரை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தாள். "தப்பு என்மேலதான்னு சொல்றாரு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு குரூப்புல நேரலையில வந்து, எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு, பட்டறையில இருக்கற தொட்டியெல்லாம் அவங்க கண் முன்னாடியே உடைச்சுட்டு, இனிமே கண்ணாடியையே தொடமாட்டேன்னு சொல்லப்போறாராம். அந்த வேலை இல்லைன்னா அவரு உயிரோட இருக்கமாட்டாருங்க, நடமாடிக்கிட்டு இருப்பாரு, அவ்வளவுதான். அதுக்குள்ள இவங்களை ஏவிவிட்டது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. ஏவிவிட்டது யாருன்னு தெரிஞ்சா போதும், நான் அவரை நிறுத்திடுவேன்."

"மத்த வாடிக்கைக்காரங்க? அவருக்காக ஒருத்தரும் வாயைத் திறக்கலையா?"

"தொட்டியைத் தூக்கித் தெருவுல போட்டு, அதையும் படம் எடுத்துப் போடறாங்க."

வக்கீலம்மா தலையை ஆட்டினார். ஒழுகாத தொட்டியைப் பற்றி உலகத்தில் எவனும் எழுதியதில்லை. வாங்குவான், தண்ணீர் ஊற்றுவான், மீனை விடுவான், செய்தவனை மறந்துபோவான். செய்தவன் விழும்போது மட்டும் சரியாக ஞாபகம் வந்து ஓடிவருவான்.

அந்தப் பெண் போனதும் வக்கீலம்மா இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சோடா, நீல மீனோட வாலைப் பாரு."

"ஓரத்துல ஒரு கடி. மேல் பக்கம்."

"சிவப்பு மீனு?"

"அதுலயும் கடி. ஆனா கீழ்ப் பக்கம்." சோடா படத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். "மீனைப் புரட்டிப் போட்டிருக்கான்! கலரை மாத்தியிருக்கான்!" பதினொன்றையும் பரபரவென்று பார்த்து முடித்தான். "மேடம், இது ஒரே மீனு. பதினோரு தடவை செத்திருக்கு. ஒவ்வொரு சாவுக்கும் டிரஸ் மாத்திக்கிட்டு வந்திருக்கு. இத்தனை பேர் பாத்தாங்களே, ஒருத்தன் கண்ணுலயும் படலையா?"

"எழவு வீட்டுல பொணத்தோட மூக்கை எவனாவது அளந்து பாப்பானா? அழுதுட்டு வந்துடுவான். சரி, உன் நாய் செத்துப்போச்சுன்னு வச்சுக்க. கடைசியா ஒரு போட்டோ எடுக்கற. நாயை எங்க வைப்ப?"

"நடுவுல."

"நடுவுலதான். கை நடுங்கும், காது வெட்டுப்படும், ஆனா நடுவுலதான் வைப்ப. இங்க மீன் எங்க இருக்கு?"

"கீழ, இடது ஓரத்துல. பதினொண்ணுலயும். மேல வலது மூலையில வெறும் தண்ணி." சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். "அடப்பாவி! கம்பெனி பேரு போடற இடம்! செத்த மீனுக்கும் லோகோவுக்கு இடம் விட்டிருக்கான்!"

"விடணும்னு விடலை. கைப்பழக்கம். வாழ்க்கை பூரா சோப்பும் செருப்பும் விளம்பரத்துக்குப் படம் எடுத்த கை அது."

"இப்ப அந்தக் கையை எங்க போய்த் தேடறது?"

"நாம எதுக்குத் தேடணும்? வேலை இருக்குன்னு சொல்லு, அதுவே வரும்."

வியாபாரிகள் கூடும் குரூப் ஒன்றில் சோடா ஒரு வரி போட்டான். மீன் வளர்ப்பவர்களுக்கு ஏற்ற புது மருந்து கைவசம் இருக்கிறது, பேரைப் பரப்ப ஆள் தேவை. டீக்கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் விளம்பரக் கம்பெனிகள் வரிசையில் நின்றன. எல்லோரும் தாங்கள் செய்த வேலைகளை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கம்பெனி பேரைக் கீழே போட்டிருந்தார், ஒருவர் நடுவில், இன்னொரு மகானுபாவர் சிரிக்கிற குழந்தையின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தார். ஒரே ஓர் ஆள் மட்டும் எதை விற்றாலும் பொருளைக் கீழே இடது ஓரத்தில் தள்ளிவிட்டு, மேலே வலது மூலையைக் கம்பெனி பேருக்கு எழுதிவைத்திருந்தான். கூடவே ஒரு குறிப்பு: 'மீன் குரூப்பா? அங்கே நமக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.'

செருப்புக்கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. ஏசி ஓடியது. சுவரோரம் நீளமான பலகை, அதில் சார்ஜ் ஏறிக்கொண்டு வரிசையாகப் போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. நீலவால். தங்கச்செதில். குமிழி. பாசி. வக்கீலம்மா எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை.

அறையின் முதலாளி கத்தரித்த தாடியும் இஸ்திரி போட்ட சிரிப்புமாக வரவேற்றான். வக்கீலம்மா மருந்துக் கம்பெனி முதலாளியம்மா ஆனார். சோடா அவருடைய தம்பி ஆனான்.

"மொதல் ஆறு மாசம் எதையும் விக்கக் கூடாது மேடம்," என்று அவன் பாடத்தை ஆரம்பித்தான். "விக்க வந்தவன்னு தெரிஞ்சா துரத்திடுவாங்க. நாங்க சந்தேகம் கேப்போம். 'அண்ணே, என் மீனு சாப்பிடமாட்டேங்குது, என்ன செய்யலாம்'னு. பாராட்டறவனைக்கூட மனுஷன் மறந்துடுவான், தன்கிட்ட வந்து யோசனை கேட்டவனை மறக்கமாட்டான். யார் வீட்டு மீன் செத்தாலும் மொதல் ஆளா அழுவோம். பொறந்த நாளுக்கு வாழ்த்து தவறாது. ஒரு வருஷம் கழிச்சு, பேச்சோட பேச்சா ஒரே ஒரு வரி. 'நான் இந்தத் தொட்டிதான் வச்சிருக்கேன்.' அவ்வளவுதான். அது விளம்பரம் இல்ல மேடம், சொந்தக்காரன் பேச்சு."

"எங்க வீட்டுல சொந்தக்காரன் பேச்சை யாரும் கேக்கறதில்லையே," என்றான் சோடா.

"ஏத்திவிடறது மட்டும்தானா, இறக்கிவிடவும் செய்வீங்களா?" என்று வக்கீலம்மா சாதாரணமாகக் கேட்டார்.

அவன் முகம் மலர்ந்தது. தொழிலை மதித்துக் கேள்வி கேட்பவர்கள் அபூர்வம் போலும். "இறக்கறதுக்கு ஒரு வாரம் போதும். இப்பகூட ஒரு தொட்டிக்காரரை இறக்கிக்கிட்டு இருக்கோம். அச்சுல வார்க்கற தொட்டி போடற பேக்டரி ஒண்ணு போன வாரம்தான் கடை திறந்திருக்கு, அவங்க வேலை. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அந்தாளே நேரலையில வந்து தன் தொட்டியை உடைக்கப்போறாரு. அதை நாங்க கேக்கவே இல்ல மேடம். அவரா குடுக்கறாரு."

"செத்த மீனுக்கு எங்க போனீங்க?"

"உயிரோட ஒண்ணு வாங்கினோம். இதே மேஜையிலதான் எடுத்து வச்சோம். கொஞ்ச நேரம் துள்ளிச்சு. நாங்க லைட்டெல்லாம் சரிபண்ணி முடிக்கறதுக்குள்ள அதுவும் முடிச்சிடுச்சு. தொட்டியில போட்டு ஒரு படம், புரட்டி ஒரு படம். கலரெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

சோடா மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உங்க ஆளுங்க சொன்னா மத்தவங்க எதுக்கு நம்பணும்?"

"அங்கதான் மேடம் அழகே இருக்கு. இந்தப் பதினோரு பேரும் வேற யாரும் இல்ல, நாலு வருஷத்துக்கு முன்னாடி அவரை ஏத்திவிட்டவங்க. அவரோட மொதல் ரசிகருங்க. எதிரி திட்டினா நம்பறதுக்கு யோசிப்பான். ரசிகன் அழுதா ஊரே கூட அழும்."

"ஏத்திவிடச் சொன்னது யாரு?"

"பேரு சொல்லமாட்டேன், தொழில் தர்மம்." அவன் நெஞ்சில் கைவைத்தான். "ஆனா சந்தோஷப்பட்ட வாடிக்கைக்காரங்க குரலைக் கேக்கலாம். எல்லாருக்கும் போட்டுக் காட்டறதுதான்."

போனில் ஒரு பொத்தானைத் தட்டினான். தழுதழுத்த பெண்குரல் ஒன்று அறையை நிரப்பியது.

"ரொம்ப நன்றிப்பா. இப்பல்லாம் காலையில எந்திரிச்சதும் பாட்டுப் பாடறாரு. அந்த நீலவால்கிட்டதான் மணிக்கணக்கா பேச்சு. ஏதோ கூடப் பொறந்தவரு மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாதுப்பா."

காலையில் கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தவளின் குரல். வக்கீலம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

படியிறங்கும்போது சோடா கேட்டான். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலயே ஒரு உறுத்தல். முன்னபின்ன தெரியாத பதினோரு பேரு உன்மேல பழி போட்டா மொதல்ல என்ன கேப்ப?"

"யாருடா நீங்கன்னு கேப்பேன்."

"அந்தம்மா அதைக் கேக்கவே இல்ல. ஏவிவிட்டது யாருன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஏவினா போற ஆளுங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. சுவரில் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்திருந்தன. தொட்டிக்காரர் உள்ளே ஒவ்வொரு தொட்டியாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உடைக்கப்போகிற தொட்டியில் விரல்தடம் இருக்கக் கூடாதாம். மனைவி வாசலருகே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வக்கீலம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஒரு பேக்டரிக்காரன். அவனுக்கு இந்தப் பதினோரு பேரையும் வித்தது செருப்புக்கடை மாடியில இருக்கறவன். அவங்களை அவன்கிட்ட மொதல்ல கேட்டு வாங்கினது நீங்க."

அவள் மறுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு மொதமொதல்ல போட்ட படத்துக்கு ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலைங்க. சாப்பிடறப்பகூட போனைத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. யாராவது நாலு பேரு நல்லா இருக்குன்னு சொன்னா என்ன குறைஞ்சுபோகும்னு தோணுச்சு. நான் சொன்னா பொண்டாட்டி பேச்சுன்னு சிரிப்பாரு. நாலு பேரு கேட்டேன், அவன் பதினோரு பேரைக் குடுத்தான். நிஜமா ஆர்டர் வர ஆரம்பிச்சதும் போதும்ப்பான்னு சொல்லிட்டேன். சத்தியமா சொல்லிட்டேன்."

"நீங்க நிறுத்தினீங்க. அவன் எதுக்கு நிறுத்தணும்? நாலு வருஷம் நம்பிக்கை சம்பாதிச்ச ஆளுங்க. வேற ஒருத்தனுக்கு வாடகைக்கு விட்டான்." வக்கீலம்மா குரலைத் தணிக்கவில்லை. "இது ஒரே மீன்னு நான் இப்பவே குரூப்புல காட்டிடுவேன். பழி போயிடும். ஆனா திட்டினவங்க ஆளே இல்லைன்னு சொன்னா, புகழ்ந்தவங்களும் ஆளே இல்லைன்னு சேத்துத்தான் சொல்லணும். ரெண்டும் ஒரே ஆளுங்க."

"ஆளே இல்லைன்னா?"

கேட்டது அவள் இல்லை. தொட்டிக்காரர் ஈரத்துணியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, மீன் எதுவும் சாகலைங்க! உங்க பசையில ஒண்ணும் இல்ல. எல்லாம் பொய்யி. பதினோரு பேரும் பொய்யி!" சந்தோஷச் செய்தி சொல்கிற வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தான் செய்ததையும் கொட்டிவிட்டாள். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "நீலவால்?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டார்.

"இல்லைங்க. அந்தப் பேருல ஒரு போன் இருக்கு."

"அவரு மீனுக்கு வால் அழுகிப்போச்சு. உப்பு எவ்வளவு போடணும், தண்ணி எப்ப மாத்தணும்னு ஒரு வாரம் கூடவே இருந்து சொல்லிக் குடுத்தேன். பொழைச்சுதே. படம்கூட அனுப்பினாரே."

"அப்படி ஒரு மீனே இல்ல."

"அவரு மக பரீட்சையில தேறினப்ப மொதல்ல எனக்குத்தான் சொன்னாரு."

"மகளும் இல்ல."

"மேடம், போதும்," என்றான் சோடா.

தொட்டிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மணி ஆச்சு. போனைப் புடி."

"ஏங்க, அதான் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே! நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"மீன் செத்ததாவே இருக்கட்டும்."

"என்ன பேசறீங்க?"

"செத்திருந்தா அவங்கல்லாம் இருந்தாங்கன்னு ஆகும். நாலு வருஷமா என்கூடப் பேசினாங்கன்னு ஆகும். என் தொட்டி நல்லா இருக்குன்னு ஒருத்தராவது நெனைச்சாங்கன்னு ஆகும்." அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "கொலைகாரன்னு சொல்லிட்டுப் போகட்டும். காத்துகிட்ட பேசிக்கிட்டு இருந்த பைத்தியக்காரன்னு என்னைக் காட்டிக்குடுக்காதே."

"உங்க தொட்டி வாங்கினவங்க நிஜமா ஆயிரம் பேரு இருக்காங்க," என்றார் வக்கீலம்மா.

"இருக்காங்க. தெருவுல தூக்கிப் போட்டது அவங்கதான்."

சோடா வக்கீலம்மாவின் காதருகே குனிந்தான். "நாம போட்டு உடைச்சுடலாம் மேடம். அந்த மீன் படத்தைப் போடுங்க." வக்கீலம்மா கைப்பையைத் திறந்தார். தொட்டிக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். வக்கீலம்மா பையை மூடிவிட்டார். மூடியதற்காகத் தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

நேரலை தொடங்கியது. மனைவிதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்காரர் பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். தங்கச்செதிலிடம், குமிழியிடம், பாசியிடம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொட்டி. சுத்தியல் ஓங்கும்போதெல்லாம் சரியான இடத்தில்தான் தட்டினார், எங்கே தட்டினால் உடையும் என்று அவருக்குத் தெரியாதா. திரையில் வசை மழை பொழிந்தது. அதெல்லாம் நிஜ மனிதர்கள் எழுதியது. இன்னொன்றை உடை, பெரியதை உடை என்று கேட்டுக்கொண்டார்கள். நீலவாலின் பெயரைக் கடைசியில் சொன்னார். கடைசித் தொட்டியை உடைத்துவிட்டு, கண்ணாடிச் சில்லுகள் நடுவே போனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பதில் வந்தது.

'மன்னிச்சுட்டேன் அண்ணே. மனசை விட்டுடாதீங்க. நான் இப்ப புதுசா அச்சுத் தொட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன். மீனெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு.'

தொட்டிக்காரரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, பதில் போட்டுட்டாரு," என்று மனைவியிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவர் போனை வாங்கி, ரத்தம் கசிந்த விரலால், அத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக எழுத்துக் கூட்டினார்.

'ரொம்ப சந்தோஷம் தம்பி. எந்தக் கடையில வாங்கினீங்க?'

நீலவால் உடனே கடையின் பெயரைச் சொன்னார்.